செல்லாதது ஒன்று

“இந்த ஊர்ல ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம் ஓட்டு இருக்கு. யாரு கை எந்தச் சின்னத்து மேல போகும்னு அந்தக் கைக்கே தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்.”

தலைவர்கள் மேடை போட்டு, மாலை வாங்கி, மைக்கைத் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அதை அவர் தையல்கடை பெஞ்சில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, பட்டன் வைக்கக் கொடுத்த சட்டைக்காகக் காத்திருந்த நேரத்தில் சொல்லிவிட்டார். ஊரும் நம்பியது. மின்சார அலுவலகத்து ஊழியர் அவர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து யூனிட் எழுதுவது வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் மீட்டர். அவருடைய மனைவி மீட்டர் வீட்டம்மா. அந்த அம்மாள் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய வீடுகளில் மீட்டர் உள்ளே இருக்கும். கூடத்தைத் தாண்டி, சமையலறையை ஒட்டி, சில வீடுகளில் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால். ஊரில் டாக்டருக்குக்கூட இவ்வளவு தூரம் உள்ளே போக அனுமதி கிடையாது. இவர் போனார், போனவர் சும்மா வரவில்லை. எந்தக் கட்சி கொடுத்த காலண்டர் கூடத்தில் தொங்குகிறது, எது சமையலறையில் தொங்குகிறது என்று பார்த்துக்கொள்வார். கூடத்தில் தொங்குவது வருகிறவர்களுக்காக. சமையலறையில் தொங்குவதுதான் ஓட்டு என்பது அவர் கண்டுபிடித்த விதி. எந்தக் கட்சி நோட்டீஸ் அலமாரித் தட்டில் விரிப்பாகிறது, எதன் முதுகில் பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதுகின்றன என்பதற்கெல்லாம் தனித்தனி மதிப்பெண் உண்டு.

ஊரில் கட்சிகள் இரண்டு: குடை, பூட்டு. கொள்கை வேறுபாடு உண்டா என்றால் உண்டு. ஒன்றின் கொடி மஞ்சள், இன்னொன்றின் கொடி நீலம். கடைத்தெரு ஆளுங்கட்சிக்குப் போடும், அது எதுவானாலும். ஆலைத்தெரு போன தடவை ஏமாற்றியவர்களைத் தண்டிப்பதற்காகப் போடும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு தேர்தல் இரண்டு கட்சியையும் ஜெயிக்கவைத்தது. வாய்க்கால் தெரு மூன்று தேர்தலாகப் பாலம் கட்டித் தருகிறேன் என்ற கட்சிக்கே போட்டது. பாலம் வந்துவிட்டால் யாருக்குப் போடுவது என்று அவர்களுக்கே ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். பாலத்தைப் பற்றி அழுத்திக் கேட்கவே இல்லை.

தையல்காரர் எந்தப் பக்கம் என்பது மட்டும் பரம ரகசியம். இரண்டு கட்சிக் கொடிகளையும் அவர்தான் தைத்தார்.

“துணிதான் வேற, நூல் ஒண்ணு,” என்பார்.

“உங்க ஓட்டும் எனக்குத் தெரியும் அண்ணாச்சி,” என்பார் மீட்டர்.

“தெரிஞ்சா வெளிய சொல்லாத. பாதிக் கொடி போயிடும்.”

மீட்டருக்கு ஒரு தம்பி. இரண்டு வயது இளையவன், வெல்டர். கம்பிக் கதவு, ஜன்னல், நாற்காலிக் கால் எல்லாம் அவன் கை. அப்பா விட்டுப்போன வீட்டில் ஆளுக்குப் பாதியாகக் குடியிருந்தார்கள். நடுவே சுவர் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே குடும்பம் முழுக்கக் குடை. அவர்களுக்கு மூத்தவள் ஓர் அக்கா. அவளுடைய கணவர் கூட்டங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். ஊரில் இருந்த நாற்காலிகளில் பாதி அவருடையவை. உட்கார்ந்து அதிகாரம் பண்ண மட்டும் ஒன்று கிடைக்கவில்லை என்பது அவருடைய தீராத குறை.

அந்தக் குறையைத் தீர்க்க, பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஊர்ச்சபைத் தேர்தலில் நின்றார். குடைச் சின்னம். அவர் நின்ற வட்டத்தில் நானூற்றுச் சில்லறை ஓட்டு. மீட்டர் மூன்று வாரம் தெருத் தெருவாகக் காலண்டர் பார்த்து, வாக்காளர் பட்டியலில் பென்சிலால் கோடு போட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

“மொத்தம் நானூத்திப் பதினொண்ணு விழும். குடைக்கு இருநூத்தி ஆறு, பூட்டுக்கு இருநூத்தி அஞ்சு. ஒரே ஓட்டுல ஜெயிக்கிறீங்க மாமா.”

“ஒண்ணுதானா மச்சான்? கொஞ்சம் கூட்டிப் போடக்கூடாதா?”

“நான் என்ன சம்பளத்தையா கூட்டறேன்? இருக்கிறது இதுதான்.”

நாற்காலிக்காரர் அன்றைக்கே நகரத்திலிருந்து சுழலும் நாற்காலி ஒன்று தருவித்தார்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். தம்பிக்கு மாமா மேல் ஒரு வருத்தம். முந்தின மாதம் ஒரு கூட்டத்தில் கனத்த சரீரம் உள்ள ஒரு தலைவர் நாற்காலியோடு சரிந்தபோது, “எல்லாம் இவன் கால் பத்தவச்ச லட்சணம்” என்று மாமா மேடையிலேயே கைகாட்டிவிட்டார்.

“மாமாவுக்குக் குத்த மனசு வரல அண்ணே,” என்றான் தம்பி. “அந்தப் பக்கம் குத்தக் கையும் வரல.”

“அதெல்லாம் உள்ள போனா வந்துடும், நட,” என்றார் அண்ணன்.

இரண்டு நாள் கழித்து எண்ணினார்கள். குடை இருநூற்று ஐந்து. பூட்டு இருநூற்று ஐந்து. செல்லாதது ஒன்று. சமமாகிவிட்டதால் அதிகாரி இரண்டு சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினார். டப்பாவுக்குக் கட்சிப் பற்று கிடையாது; பூட்டு வந்தது.

அன்று மாலை தையல்கடை முன்னால் நின்ற கூட்டம் எந்தத் தலைவருக்கும் கூடியதில்லை. ஊருக்கு ஒரே கேள்விதான்: யார் அந்தப் புண்ணியவான்? மீட்டருக்குத் தோல்வியைவிட அந்த ஒன்று உறுத்தியது. எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஒற்றைக் காகிதம் அவருடைய இருபது வருஷப் பேரைக் கெடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான். வெல்டிங் கண்ணாடியின் வார் அறுந்திருந்தது, தைக்கக் கொடுத்தான். மிஷின் ஓட ஆரம்பித்தது.

“யாருன்னு யோசிக்கவே வேண்டாம்,” என்றார் மீட்டர், எல்லாருக்கும் கேட்கும்படி. “இதோ நிக்கிறான் பாருங்க. காலையில என்கிட்டயே சொன்னான், ரெண்டு பக்கமும் குத்த மாட்டேன்னு. சொன்னபடி கெடுத்துட்டான்.”

“அண்ணே, நான் போனதும்…”

“பேசாத. உன் ஓட்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்.”

கூட்டத்தில் யாரோ, “அண்ணனே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?” என்றார்கள். தம்பி மிஷினை நிறுத்தச் சொன்னான். பாதி தைத்த வாரோடு கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனான். அந்த வாரக் கடைசியில் ஆலைத்தெருக் கோடியில் ஒரு தகரக் கொட்டகையும் பின்னால் ஓர் அறையும் பார்த்துக்கொண்டு மனைவியோடு குடிபோனான். நாற்காலிக்காரர் “குடும்பத்துக்குள்ள துரோகி” என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டாவது வருஷம் பூட்டுக் கட்சியில் சேர்ந்தார். அவருக்காக முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி மட்டும் முறைத்தபடியே இருந்தார்கள்.

இருவரையும் அதற்குப் பிறகு சந்திக்கவைத்தது மின்சார அலுவலகம்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீட்டர் அந்தக் கொட்டகைக்குப் போக வேண்டும். போவார். தம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பொறி பறக்கவிடுவான். தம்பி மனைவி தூணைப் பார்த்து, “மீட்டர் கதவுக்குப் பின்னாடி இருக்கு,” என்பாள். எண்ணை எழுதுவார், வருவார். ஆனால் எண் அவரோடு வந்துவிடும். முந்நூற்று நாற்பது என்றால் தம்பிக்கு நல்ல வேலை. நானூற்றுப் பத்து: யாரோ பெரிய மாடிவீடு கட்டுகிறார்கள், கிராதி முழுக்க இவனிடம். ஒரு தடவை வேலை குறைந்தும் யூனிட் ஏறியிருந்தது. என்ன என்று மண்டையைக் குடைந்துகொண்டே நாலு வீடு தாண்டிய பிறகு ஞாபகம் வந்தது: உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது, தொட்டில் ஆடியது. பெரியப்பா ஆன செய்தி அவருக்கு இப்படித்தான் கிடைத்தது.

அந்தப் பெண் குழந்தை வளர்ந்து பேச ஆரம்பித்ததும் தூணுக்கு வேலை போயிற்று. “அம்மா, கரண்டு சார் வந்திருக்காரு,” என்று உள்ளே குரல் கொடுக்கும். அவர் சாராகவே நின்று எழுதிக்கொண்டு போவார்.

கடைசி இரண்டு வருஷமாக எண் இறங்கியது. நூற்றுத் தொண்ணூறு. நூற்று இருபது. எண்பத்தைந்து. தம்பிக்குக் கண்ணில் நீர் வடிகிறது, நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பதைத் தையல்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். எண்பத்தைந்து எழுதிய அன்று கிளம்ப மனம் வராமல் வாசலில் நின்றார். ஏதாவது கேட்க வேண்டும். கேட்டார்:

“மீட்டர் சரியா ஓடுதா?”

உள்ளிருந்து பதில் மகள் வழியாக வந்தது: “மீட்டர் நல்லாத்தான் ஓடுது, மனுஷங்கதான் ஓடலன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க சார்.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊருக்கு ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். வெளியூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கடைத்தெருவில் இருந்த மகள் வீட்டோடு வந்துவிட்டவர். உடம்பு இளைத்துவிட்டது; பழைய கால்சட்டைகளை எல்லாம் இடுப்பில் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். மறு ஓரத்தில், தைக்கக் கொடுத்த சட்டைக்காக மீட்டர்.

“நான் இந்த ஊருக்கு முன்னாடியே ஒரு தடவை வந்திருக்கேன்,” என்றார் வாத்தியார். “ஊர்ச்சபைத் தேர்தலுக்கு ஓட்டு எண்ண அனுப்பினாங்க. ரெண்டு பேரும் சமமாயி, டப்பா குலுக்கினோமே, அது.”

“அப்படியா? அந்தக் குலுக்கல் நீங்கதானா?” என்றார் தையல்காரர், காலை மிதியிலிருந்து எடுக்காமல்.

“குலுக்கினது வேற ஆளு. நான் பிரிச்சுப் போட்டவன். எத்தனையோ செல்லாத ஓட்டு பாத்திருக்கேன். ரெண்டு சின்னத்துலயும் குத்தினவன், கட்சிக்காரனைத் திட்டிப் பாட்டு எழுதினவன்… ஆனா இங்க வந்த மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. குடை மேல முத்திரை நடுவுல கச்சிதமா குத்தியிருக்கான். குத்திட்டு, பக்கத்துலயே பேனாவால தேதி போட்டு, அடியில சின்னதா ஒரு சுழிக் கையெழுத்து! ரசீது குடுக்கிற மாதிரி. யாரு போட்டதுன்னு காட்டுற அடையாளம் இருந்தா செல்லாது, என்ன பண்றது? நியாயமாக் குடைக்காரனோட ஏஜெண்ட் சண்டை போட்டிருக்கணும். அவன் அந்த நேரத்துல புகை பிடிக்க வெளிய போயிட்டான்.”

தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “கையெழுத்தா! எவன்யா அவ்வளவு பொறுப்பான ஆளு?”

மீட்டர் சிரிக்கவில்லை.

ஒரு நாளைக்கு எண்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் தொங்குகிற அட்டையை எடு, எண் எழுது, யூனிட் எழுது, தேதி போடு, சுழி போடு, அடுத்த வீடு. இதைக் கைதான் செய்யும். தலை அந்த நேரத்தில் காலண்டர் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஓட்டுப் போடும் அட்டை மறைப்புக்குள்ளும் தலை வேறெங்கோ இருந்தது. அடுத்து நின்ற தம்பி என்ன செய்வானோ என்ற கவலையில் இருந்தது. முத்திரை குத்தினார். தேதி. சுழி. அடுத்த வீடு.

அப்புறம் அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. அதுதான் உட்கார முடியாமல் எழுப்பிவிட்டது. தன்னுடைய செல்லாத ஒன்றையும் சேர்த்தால், அவர் சொன்ன இருநூற்று ஆறும் இருநூற்று ஐந்தும் அட்சரம் பிசகாமல் சரி. அந்த இருநூற்று ஆறில் தம்பியும் ஒருவன். அப்படியானால் மனசு வராத தம்பி, உள்ளே போய், மனசை வரவழைத்துக்கொண்டு குடைக்குத்தான் குத்தியிருக்கிறான். குடும்பத்தில் குடையைக் கவிழ்த்தவர் ஒருவர்தான்.

“என்ன மீட்டர், சட்டை வேண்டாமா?” என்று தையல்காரர் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த நாள் வந்தது. கொட்டகையில் தம்பி கட்டிலில் உட்கார்ந்து, பழைய போல்ட்டுகளை விரலால் தடவித் தடவி அளவு பிரித்துக்கொண்டிருந்தான். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மீட்டர் எண் பார்த்தார்; அறுபத்திரண்டு. எழுதினார். போகவில்லை.

“யூனிட் எவ்வளவு சார்?” என்றான் தம்பி, தலை நிமிராமல்.

“அந்த ஒண்ணு என்னோடது,” என்றார் மீட்டர்.

“எந்த ஒண்ணு?”

“செல்லாதது. கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. அட்டையில போடற மாதிரி. எண்ணின வாத்தியார் சொன்னாரு. நீ இல்ல. நான்.”

போல்ட்டுகளைத் தடவிய விரல் நின்றது. உள்ளே பாத்திரச் சத்தமும் நின்றது.  தம்பியின் குரல் உயரவில்லை.

“பதினோரு வருஷம். எத்தனை தடவை இந்த வாசல்ல வந்து நின்னிருப்ப?”

“அறுபத்தாறு.”

“கணக்கெல்லாம் சரியாத்தான் வச்சிருக்க. அறுபத்தாறுல ஒரு தடவை, ‘நீ என்னடா பண்ணின’ன்னு கேட்டியா அண்ணே?”

அந்த ‘அண்ணே’ எதிர்பாராமல் வந்துவிட்டது. வந்ததும் தம்பிக்கே கோபம் ஏறியது.

“இல்ல,” என்றார் மீட்டர்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நாலு நாள் நம்பாம திட்டியிருப்ப, அஞ்சாவது நாள் சாப்பிடக் கூப்பிட்டிருப்ப. இப்ப வந்து என் காதுல மட்டும் சொல்ற. அன்னிக்கு என் காதுலயா சொன்ன? ஊரைக் கூட்டி வச்சுச் சொன்ன. போ, அங்க போய்ச் சொல்லு.”

பொதுத்தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம். தையல்கடை முன்னால் வழக்கமான கூட்டம். மளிகைக்காரர், லாரி டிரைவர், வாத்தியார், பூட்டுக் கட்சித் துண்டோடு நாற்காலிக்காரர். கடைக்குள் நீலமும் மஞ்சளும் குவிந்து கிடந்தன. மீட்டர் வந்ததும் பெஞ்சில் இடம் விட்டார்கள். எண் சொல்லப்போகிறார் என்று லாரி டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு வந்தார். மீட்டர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார், தம்பியிடம் சொன்ன அதே நாலு வரி.

தையல்காரர் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார். மளிகைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“அண்ணன்னா இப்படி இருக்கணும்யா. தம்பிக்கு உடம்பு முடியலன்னதும், அவன் பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு பாரு!”

“பெரிய மனசு,” என்றார் லாரி டிரைவர். “துரோகம் பண்ணின தம்பிக்குப் போய் இப்படி ஒரு அண்ணன்.”

“இல்லய்யா, நெசமாவே நான்தான்…”

“புரியுது புரியுது. விடுங்க.”

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிமிஷத்தில் சொன்ன பொய்யை ஊர் அப்படியே விழுங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் தொண்டையில் சிக்கியது. அதை இனிப்பாக மாற்றித்தான் விழுங்கத் தயாராக இருந்தது. மாற்றி விழுங்கினால் தம்பி இரண்டாவது தடவையும் துரோகி.

“எதுக்கு மச்சான் பழசைக் கிளறிட்டு?” என்றார் நாற்காலிக்காரர். “நானே மறந்துட்டேன்.”

“நீங்க கட்சியையே மறந்தவரு மாமா,” என்றார் மீட்டர்.

கடைச் சுவரில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்து ஆணியில், தையல்கடையின் மீட்டர் அட்டை தொங்கியது. அவர் எட்டி எடுத்தார். வாத்தியார் கையில் கொடுத்தார். “அந்தக் கையெழுத்து இப்படியா இருந்தது, பாருங்க சார்.”

வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். மேலிருந்து கீழே வரிசையாகத் தேதியும் சுழியும், தேதியும் சுழியும். கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அட கடவுளே,” என்றார். “இதேதான்.”

மிஷின் நின்றது. லாரி டிரைவர்தான் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். சிரிப்பு கடைத்தெரு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. “ஓட்டுப் பெட்டிக்கே யூனிட் எழுதிட்டாருடா!” என்று யாரோ எதிர்க்கடைக்குக் கூவினார்கள். மீட்டர் சிரிப்பு முடிகிறவரை நின்றார். நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்காமல், அந்தச் சுழலும் நாற்காலியை நினைத்தவர் போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஊருக்கு ஓர் எண் இல்லாமல் பொழுது போகாது. மளிகைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“சரி, அது போகட்டும். இந்தத் தடவை நம்ம ஊர்ல எவ்வளவு? குடையா, பூட்டா?”

“தெரியல,” என்றார் மீட்டர்.

“விளையாடாதீங்க. ஆலைத்தெரு எந்தப் பக்கம்?”

“தெரியல.”

“சரி, உங்க தம்பி? அதாவது தெரியுமா?”

மீட்டர் அட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். அது ஆடி நிற்கும் வரை பிடித்துக்கொண்டார்.

“அவனைக் கேக்கணும்,” என்றார்.

“கேட்டா சொல்லுவானா?”

“அதுவும் தெரியல.”